மினி தையல் மெஷின்: ஃபால்ஸ் அடிக்கலாம், ஜீன்ஸ் பக்கம் போகாதீர்கள்

இரண்டாயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே ஆன்லைனில் கிடைக்கிற அந்தக் குட்டி மெஷினைப் பார்க்காதவர்கள் குறைவு. பத்துப் பதினைந்து பெயர்களில் விற்றாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே சரக்குதான். ஆறு வோல்ட் மோட்டார், இரண்டு வேகம், காலால் அழுத்த ஒரு பெடல், ஊசிக்குப் பக்கத்தில் மினுங்கும் ஒரு விளக்கு, அடி நூல் சுற்றி வைக்கும் சில பாபின்கள், இரண்டு மூன்று ஊசிகள். ஆபீஸ் முடிந்து, சமையல் முடித்து, எட்டரை மணிக்கு மேல் அரை மணி நேரம் கிடைத்தால் எதையாவது தைத்துப் பார்க்கலாம் என்று ஆசைப்படுகிறவர்களை நம்பித்தான் இது விற்கிறது. அதனால் அந்த அரை மணி நேரத்தை வைத்தே இதை அளந்துவிடலாம். மெஷின் முன்னால் உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்குள் முதல் தையல் ஒழுங்காக விழுகிறதா? வேறு எந்த வசதியும் அதற்குப் பிறகுதான்.

முதலில் ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். ஸ்டேப்ளர் மாதிரி கையில் பிடித்து அழுத்தும் இன்னொரு மெஷின் முந்நூறு நானூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது வேறு ஜாதி. அதில் பாபின் கிடையாது. ஒற்றை நூலில் சங்கிலித் தையல்தான் போடும். கடைசி நூல் முனையைச் சரியாக முடிச்சுப் போடாவிட்டால், ஒரே இழுப்பில் முழுத் தையலும் சரசரவென்று உருவிக்கொண்டு வந்துவிடும். தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் பெருந்தையலுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். உடுத்துகிற துணியை அதை நம்பித் தைக்காதீர்கள்.

மேசையில் வைக்கும் மினி மெஷின் மேல் நூல், பாபின் நூல் இரண்டையும் கோத்துப் பூட்டுத் தையல் போடுகிறது. அதனால் தையல் பிரியாது. மெல்லிசான காட்டன், மல்மல், வாயில், துவைத்துக் கஞ்சி போன சுங்குடி, இவற்றில் இரண்டு மடிப்பு என்றால் பிரச்சினையே இல்லை. நான்கு மடிப்புவரை தாங்கும். அதற்கு மேல் போனால் மோட்டார் முனகும். அப்போதும் பெடலை அழுத்திக்கொண்டே இருந்தால், உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் பல்சக்கரத்தின் பல் தேயும். செட்டிநாட்டுக் கண்டாங்கியின் கரை போன்ற கெட்டித் துணியில் இரண்டு மடிப்புக்கே திணறும். ஜீன்ஸின் கால் ஓரம் மடித்தால், பக்கத் தையல் சேரும் இடத்தில் பல அடுக்காகிவிடும். அங்கே ஊசி ஒடிவதுதான் நடக்கும்.

ஃபால்ஸில் இருந்து ஆரம்பிப்போம். இந்த மெஷினின் விலையை மீட்டுத் தரும் வேலை அதுதான். ஃபால்ஸ் துணியை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, அயர்ன் பண்ணிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் அடித்தால் முதல் துவையலில் ஃபால்ஸ் சுருங்கி, சேலையின் கீழ்க்கரை முழுக்கச் சுருக்கம் விழும். இடுப்பில் செருகும் முனையில் இருந்து ஏழெட்டு அங்குலம் விட்டு ஆரம்பித்து, சேலையின் உள்பக்கம், கீழ் ஓரத்தில் இருந்து ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) உள்ளே தள்ளி வைத்து, ஆறு அங்குலத்துக்கு ஒரு குண்டூசி. கீழ் ஓரத்தை மட்டும் மெஷினில் ஓட்டுங்கள். மேல் ஓரத்துக்குக் கை எம்மிங்தான் சரி. அங்கே மெஷின் தையல் போட்டால் சேலையின் வெளிப்பக்கம் கோடு தெரியும்.

இதில் எல்லோரும் மாட்டுகிற இடம் ஒன்று உண்டு. ஊசிக்குக் கீழே தகட்டில் இருக்கிற பல் வரிசை அடித் துணியைத்தான் பிடித்து நகர்த்துகிறது. மேல் துணி சும்மா கூடவே வருகிறது. இரண்டரை மீட்டர் ஓட்டி முடிக்கும்போது அடியில் உள்ள சேலை முன்னால் போயிருக்கும், மேலே வைத்த ஃபால்ஸ் அரை அங்குலம் மிஞ்சி நிற்கும். இந்த மெஷினில், துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க வழி இல்லை. குண்டூசியை நெருக்கமாகக் குத்துவதும், ஊசிக்கு முன்னும் பின்னும் துணியை லேசாக விறைப்பாகப் பிடிப்பதும்தான் மருந்து. பிடிக்கத்தான் வேண்டும், இழுக்கக் கூடாது. இழுத்தால் ஊசி வளைந்து தகட்டில் முட்டும். கீழ் ஓரத்துக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். கை எம்மிங்கை அடுத்த நாள் டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். பட்டுச் சேலைக்கு மட்டும் இந்த விஷப்பரீட்சை வேண்டாம். ஜரிகையில் விழுந்த ஊசித் துளை மறையாது. கடையில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது, பழைய சுங்குடிச் சேலையில் ஒரு ஸ்கர்ட். மூன்று சாயங்காலத்தில் முடியும். முதல் நாள் வெட்டுதல் மட்டும். சேலையில் நன்றாக இருக்கும் பகுதியில் இரண்டு மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்புச் சுற்றளவைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கும், கொசுவத்துக்கு அது போதும். கரையைக் கீழே வைத்தால் அடி ஓரம் மடித்துத் தைக்கிற வேலை மிச்சம். 36 அங்குல நீள ஸ்கர்ட் வேண்டுமென்றால் கரையில் இருந்து மேலாக 38 அங்குலம் விட்டு வெட்டுங்கள். அந்த இரண்டு அங்குலம் எலாஸ்டிக் பட்டிக்கு. வெட்டிய கையோடு அரை அங்குலம் ஒரு மடிப்பு, அதன் மேல் ஒன்றரை அங்குலம் ஒரு மடிப்பு மடித்து அயர்ன் பண்ணி வைத்துவிடுங்கள். மடிப்பு நின்றுவிட்டால் குண்டூசி வேலை பாதியாகக் குறையும்.

இரண்டாம் நாள் பக்கத் தையல். இந்த மெஷினில் ஜிக்ஜாக் கிடையாது, ஓவர்லாக்கும் கிடையாது. வெட்டிய ஓரத்தை அப்படியே விட்டால் நான்கு துவையலில் பிசிறு தையல்வரை வந்துவிடும். அதனால் பட்டி மடிப்பைப் பிரித்துவிட்டு, துணியின் உள்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி வைத்து, கால் அங்குலத்தில் ஒரு தையல் ஓட்டுங்கள். ஓரத்தை ஒரு நூல் அளவுக்கு நறுக்கிவிட்டு, துணியைத் திருப்பி, அந்தப் பிசிறு உள்ளே அடைபடும்படி முக்கால் விரல் அகலத்தில் இன்னொரு தையல். இரண்டு தையல் போட்டாலும் ஓவர்லாக் கடைக்கு அலைய வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் பட்டியை மறுபடி மடித்துத் தையல் போட்டு, இரண்டு அங்குலம் திறந்துவிட்டு, ஒரு அங்குல அகல எலாஸ்டிக்கை ஊக்கில் மாட்டி உள்ளே ஓட்ட வேண்டும். எலாஸ்டிக்கின் நீளம் இடுப்பு அளவில் இரண்டு அங்குலம் குறைவு. பக்கத் தையலும் பட்டி மடிப்பும் சேரும் இடத்தில் அடுக்குகள் ஏறிவிடும். அங்கே காலைப் பெடலில் இருந்து எடுத்துவிட்டு, கைச்சக்கரத்தை உங்களை நோக்கித் திருப்பித் திருப்பி ஒவ்வொரு தையலாகக் கடந்து போங்கள். எலாஸ்டிக்கின் இரண்டு முனைகளையும் ஒரு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கையாலேயே கட்டம் போட்டுத் தைப்பது நல்லது. எலாஸ்டிக்கில் இந்த மெஷின் தையல் விட்டு விட்டுத்தான் போகும்.

தையல் கெடுவதைப் பற்றி. "வந்த இரண்டாவது நாளே கெட்டுப்போச்சு" என்று ஒற்றை நட்சத்திரம் கொடுக்கிறவர்களில் நிறைய பேரிடம் மெஷின் கெட்டிருக்காது, கோத்த விதம்தான் தப்பாக இருக்கும். துணியின் அடிப்பக்கம் நூல் கொத்தாகச் சுற்றிக்கொள்கிறது என்றால் பாபினைத்தான் எல்லோரும் நோண்டுவார்கள். குற்றவாளி மேலே இருக்கிறது. மேல் நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுக்குள் உட்காரவில்லை, அல்லது மேலும் கீழும் போகிற கொக்கியில் மாட்டவில்லை. பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல் நூலை முழுக்க உருவி முதலில் இருந்து கோத்தால் பெரும்பாலும் சரியாகும். மேல்பக்கம் நூல் வளையம் வளையமாக நின்றால்தான் பாபின் பக்கம் பாருங்கள். பாபின் நூல் மிகவும் தளர்ந்திருக்கும், அல்லது மேல் நூல் டென்ஷன் கூடியிருக்கும்.

தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசி. மொட்டையாகியிருக்கலாம், திரும்பி மாட்டியிருக்கலாம். மெஷின் ஊசியின் ஒரு பக்கம் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். நூல் நுழைகிற பக்கம் அதுதான். இந்த மெஷினில் நூல் முன்னிருந்து பின்னால் நுழைவதால் பள்ளம் உங்களைப் பார்த்திருக்க வேண்டும், தட்டைப் பக்கம் பின்னால் போக வேண்டும். கடையில் வாங்கும்போது தட்டைப் பக்கம் உள்ள வீட்டு மெஷின் ஊசி என்று கேளுங்கள். பவர் மெஷினுக்கான ஊசியின் தண்டு முழு உருண்டையாக இருக்கும், அதை இதில் மாட்டாதீர்கள். மெல்லிசுத் துணிக்கு 11, சாதாரணக் காட்டனுக்கு 14. கூடவே வருகிற நூல்கண்டுகளைக் குப்பையில் போட்டுவிடலாம். அந்தச் சாயம் போகிற மெல்லிய நூல் இழுத்தாலே அறுந்துவிடுகிறது. ஜரிகை நூல், எம்பிராய்டரி பட்டு நூல் எதையும் பாபினில் சுற்றிப் பார்க்க வேண்டாம்.

பின்தையல் இல்லாதது இந்த மெஷினின் பெரிய குறை. ஆரம்பத்திலும் முடிவிலும் தையல் நிற்க வேண்டுமென்றால், துணியைத் திருப்பி அதே கோட்டில் நான்கைந்து தையல் போட வேண்டும். அல்லது மேல் நூலை அடிப்பக்கம் இழுத்து இரண்டு நூலையும் சேர்த்து முடிச்சுப் போட வேண்டும். இரண்டு முனையிலும் பத்து சென்டிமீட்டர் நூல் விடாமல் நறுக்கிவிட்டால் முடிச்சுப் போடவும் வழியில்லை, அடுத்த தையலில் மேல் நூல் ஊசியில் இருந்து கழன்றும் விடும். தையல் நீளத்தையும் மாற்ற முடியாது. அதனால் பிரில் வைக்க நீளத் தையல் போட்டு நூலை இழுக்கிற வேலையைக் கையால்தான் செய்ய வேண்டும். காஜா எடுக்க முடியாது. விளம்பரத்தில் ரவிக்கை தைத்துக் காட்டுகிறார்கள். லைனிங் இல்லாத காட்டன் ரவிக்கையைப் பக்கத்தில் பிடிக்கலாம், தளர்த்தலாம். லைனிங், பைப்பிங் எல்லாம் சேர்ந்த கைக்குழியில் அது நின்றுவிடும். கொக்கிப் பட்டியும் அப்படித்தான்.

நேரக் கணக்குக்கு வருவோம். ஒரு கிலோவுக்கு முன்பின் எடை என்பதால் இழுப்பறையில் இருந்து ஒரு கையால் எடுத்து வைக்கலாம். அதே காரணத்தால் வேகத்தைக் கூட்டினால் மேசையில் நடக்க ஆரம்பிக்கும். கீழே வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்று கட்டாயம். நூலைக் கழற்றாமல், கோத்தபடியே, ஒரு துண்டுத் துணியை ஃபுட்டுக்கு அடியில் விட்டு வைத்துவிடுங்கள். வெள்ளை, கறுப்பு, மெரூன் மூன்றிலும் பாபின் சுற்றித் தயாராக இருந்தால் எட்டரைக்கு உட்கார்ந்தால் எட்டே முப்பத்தைந்துக்குத் தையல் ஓடும். பாபின் சுற்றுவதற்கு மட்டும் இந்த மெஷினில் ஐந்தாறு நிமிடம் போய்விடும், அதுவும் பாதி நேரம் கோணலாகத்தான் சுற்றும். விடுமுறை நாளில் ஐந்தாறு பாபினைச் சேர்த்துச் சுற்றி வையுங்கள்.

பேட்டரி போட இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று நான்கு பேட்டரியில் ஓட்ட நினைக்காதீர்கள். அரை ஸ்கர்ட்டிலேயே வேகம் குறையும். கூட வரும் 6 வோல்ட் அடாப்டர்தான் சரி. அது தொலைந்துவிட்டால், முனை பொருந்துகிறதே என்று வைஃபை ரௌட்டரின் 12 வோல்ட் அடாப்டரை மாட்டினால் மோட்டார் கருகும். எண்ணெய் என்றால் தையல் மெஷின் எண்ணெய், மாதம் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் சில நாளில் பிசுபிசுத்துத் தூசியோடு சேர்ந்து பிடித்துக்கொள்ளும்.

யார் வாங்கலாம்? மாதத்துக்கு இரண்டு மூன்று முறை, மெல்லிசுத் துணியில், நேர்க்கோட்டு வேலை மட்டும் செய்கிறவர்கள். ஃபால்ஸ், தலையணை உறை, துப்பட்டா ஓரம், வேட்டித் துணியில் பை, மேலே சொன்ன ஸ்கர்ட். குர்தி, ரவிக்கை என்று போகிற எண்ணம் இருந்தால் பத்தாயிரத்துக்கு மேல் விற்கும் ஜிக்ஜாக் மெஷினுக்குக் காசு சேருங்கள். அது வீட்டில் ஒரு மூலையை நிரந்தரமாகக் கேட்கும். அம்மாவோ அத்தையோ வைத்திருந்த பழைய கறுப்பு மெஷின் பரணில் கிடந்தால், எதையும் வாங்குவதற்கு முன் அதை இறக்கி எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றிப் பாருங்கள். மோட்டாரும் மாட்டிக்கொள்ளலாம். இரும்புப் பல்சக்கரம், எந்த ஊரிலும் கிடைக்கிற உதிரி பாகம், பழுது பார்க்க ஆளும் உண்டு. மினி மெஷினைத் தெருமுனை மெக்கானிக் தொடக்கூட மாட்டார், உதிரி பாகம் கிடைக்காது.

மினிதான் என்று முடிவு செய்தால், பெட்டி வந்த அன்றே சோதித்துவிடுங்கள். திருப்பி அனுப்பக் கொடுக்கிற நாட்கள் குறைவு. உங்கள் சொந்த நூலைக் கோத்து, இரட்டை மடிப்புக் காட்டனில் ஒரு மீட்டர் நேர்த் தையல் ஓட்டுங்கள், அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நான்கு மடிப்பில் ஒரு சாண் ஓட்டுங்கள். பெடலில் காலை எடுத்ததும் ஊசி நிற்கிறதா, இல்லை இரண்டு மூன்று தையல் தானாக ஓடுகிறதா என்று கவனியுங்கள். பத்து நிமிடம் கழித்து அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு என்றால் பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் பெட்டியை மறுபடி ஒட்டி அனுப்பிவிடுங்கள்.