வேலூரில் பல் செட்டுக்கு ரீலைன் செய்துகொண்ட அனுபவம்

கீழ்த்தாடையில் இருபுறமும் கடைவாய்ப் பற்களை இழந்தவன் நான். மெல்பர்னில் செய்து மாட்டிய, கோபால்ட்-குரோமியம் உலோகச் சட்டம் கொண்ட, கழற்றி மாட்டும் பல் செட்டு முதலில் ஒழுங்காகத்தான் உட்கார்ந்தது. பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு மெல்ல மெல்லக் கரைந்து ஈறு இறங்கிவிடுவதால், நாளடைவில் செட்டுக்கும் ஈறுக்கும் நடுவே இடைவெளி விழுந்து, மெல்லும்போதெல்லாம் பின்பக்கம் அமிழவும் முன்பற்களுக்குப் பின்னால் ஓடும் உலோகப் பட்டை மேலெழும்பவும் தொடங்கியது. ஊருக்கு வந்திருந்தபோது குடியாத்தத்தில் அக்கா வைத்த முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பை, விதைகள் அடியில் புகுந்து ஈற்றைக் குத்தியதால் பாதியிலேயே விட்டு எழ வேண்டியதாயிற்று. இந்த இடைவெளியை அடைக்க, செட்டின் அடியில் அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக்கைப் புதிதாகச் சேர்ப்பதுதான் ரீலைன்.

சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளத்திலிருந்து வருவோருக்காக வங்க மொழியிலேயே பெயர்ப் பலகைகள் இருக்கும். வெளியூர் நோயாளியின் அவசரம் அங்கே எல்லோருக்கும் பழக்கம். அந்த அவசரத்தை நம்பியோ என்னவோ, நான் முதலில் நுழைந்த கிளினிக்கில், அக்ரிலிக்கைக் குழைத்துச் செட்டின் அடியில் பூசி வாயிலேயே இறுகவிட்டு ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிடுவதாகச் சொன்னார்கள். அது இறுகும்போது சூடேறும், ஈறு எரியும், நுண்துளைகள் விழுந்து நாளடைவில் நாற்றமும் பிடிக்கும் என்பதால் வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

சத்துவாச்சாரியில் பார்த்த பெண் மருத்துவர் எடுத்த எடுப்பிலேயே வேலையைத் தொடங்கவில்லை. பல் அச்செடுக்கப் பயன்படும் ஆல்ஜினேட் மாவைச் செட்டின் அடியில் தடவி மாட்டி, இறுகியதும் கழற்றி, பின்பக்க இடைவெளியில் அது ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமனாகத் தங்கியிருந்ததைக் காட்டினார். அழுந்திக் கன்றிய ஈறு தன் வடிவத்துக்குத் திரும்பட்டும் என்று, மறுநாள் வரை செட்டை மாட்டவே கூடாது என்றார். கல்யாண வீட்டில் பொக்கை வாயோடு நின்றது சங்கடம்தான். ஆனாலும் அந்த ஓய்வு இல்லாமல் எடுக்கும் அளவு வீங்கிய ஈற்றின் அளவாகவே இருக்கும்.

மறுநாள் உட்புற அக்ரிலிக்கை லேசாகச் சுரண்டி, சிலிக்கோன் தடவி, அந்தச் செட்டையே தட்டாக வைத்து அளவெடுத்தார். என்னைக் கடிக்க விடவே இல்லை. வாயைப் பாதி திறந்து வைக்கச் சொல்லி, இயற்கைப் பற்களின் மேல் உட்காரும் உலோகத் தாங்கிகளை மட்டும் இரு விரல்களால் அழுத்திப் பிடித்திருந்தார். கடித்தாலோ பின்பக்கத்தை அழுத்தினாலோ செட்டு ஈற்றில் அமிழ்ந்து, தாங்கிகள் பல்லை விட்டுத் தூக்கிக்கொள்ள, அந்தக் கோணலோடேயே புது அக்ரிலிக் இறுகிப்போகும். இந்த வேலையின் உயிர் இந்தப் பிடியில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. விலையை விசாரிப்பதற்கு முன் இதைத்தான் விசாரிக்க வேண்டும்.

லேபில் சூட்டில் இறுக்கிய அக்ரிலிக்கோடு திரும்பி வந்த செட்டை, நிறத்தாளைக் கடிக்க வைத்து மேடுகளைத் தேய்த்துச் சரிசெய்தார்கள். காத்திருப்பு மட்டும் நீளம். நேரம் குறித்துக் கொடுத்தும் பயனில்லை. என்ன பொருள் வைத்தார்கள் என்பதை, கேட்ட பிறகே எழுதிக் கொடுத்தார்கள்.

சில நாள் கழித்து நாக்குப் பக்கத்து ஓரத்தில் புண் வந்தது. அந்த விளிம்பைத் தேய்த்துவிட்டதும் ஆறியது. ஆகவே விமானம் ஏறும் வாரத்தில் இதைத் தொடங்க வேண்டாம், ஊருக்கு வந்த கையோடு தொடங்கிவிடுங்கள். வளையும் நைலான் செட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. அதன்மேல் அக்ரிலிக் சரியாக ஒட்டாது என்பதால், முதலிலேயே தொலைபேசியில் கேட்டுவிட்டுச் செல்லுங்கள்.