மட்டக்களப்பா, உகனவா?

விமானப்படை ஹெலிகொப்டர்களை மட்டக்களப்பில் வைப்பதா, அம்பாறையின் உகன தளத்திற்கு மாற்றுவதா என்று கேள்வி எழுந்தால் எவற்றை எடைபோட வேண்டும்?

முதலில் இரைச்சல். மட்டக்களப்பு ஓடுபாதை வாவியோரம், நகரை ஒட்டி இருக்கிறது. ஹெலிகொப்டர் தாழப் பறந்தால், வகுப்பில் ஆசிரியர் வெண்கட்டியைப் பிடித்தபடி சத்தம் அடங்கும்வரை நிற்க வேண்டியதுதான். ஆய்வறிக்கைகள் பெரும்பாலும் 24 மணிநேரச் சராசரியையே காட்டுகின்றன. அந்தக் கணக்கில் பறப்புகள் இரட்டிப்பானாலும் 3 டெசிபல்தான் கூடும்! அதை மட்டும் நம்பி முடிவெடுப்பது அநியாயம். ஒவ்வொரு பறப்பின் உச்ச இரைச்சலையும் தனியே அளக்க வேண்டும். உகனவைச் சுற்றி வயல்வெளி அதிகம். இந்த விடயத்தில் அதுவே மேல்.

ஆனால் அங்கே யானை இருக்கிறது. 1954இல் அமைந்த கல்லோயா தேசியப் பூங்காவும் அதே மாவட்டத்தில்தான். மிரண்ட கூட்டம் வயலுக்குள் இறங்கினால் இழப்பு விவசாயிக்கு. வாவிப் பக்கம் நீர்ப்பறவைகள் மோதும் ஆபத்து.

தண்ணீரை யாரும் முதலில் நினைப்பதில்லை. தீயணைப்பு நுரையில் கலந்த சில ஃபுளோரின் இரசாயனங்கள் எளிதில் சிதையாதவை. பல நாடுகளில் விமானத் தளங்களைச் சுற்றிய நிலத்தடி நீரைக் கெடுத்திருக்கின்றன. மட்டக்களப்பின் மணல் நிலத்தில் ஆழமற்ற கிணறுகளை நம்பி வாழ்வோர் ஏராளம்.

என் தெரிவு உகன. இரவுப் பயிற்சியும் பூங்காவின் மேல் தாழப் பறப்பதும் கூடாது என்ற நிபந்தனையோடு. சுற்றாடல் தாக்க மதிப்பீடு தேவைப்படும் திட்டமானால், அறிக்கை மீது கருத்துச் சொல்ல மக்களுக்கு 30 நாட்கள் உண்டு. கிணற்று நீர்ப் பரிசோதனையை அப்போதே கேட்க வேண்டும்.