கோலாலம்பூர் – லண்டன்: நேரே பறப்பதா, தோஹாவில் இறங்கி ஏறுவதா?

கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவிலிருந்து லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 10,600 கிலோமீட்டர். தோஹா வழி என்றால் முதல் கட்டம் 5,900, அடுத்தது 5,240. கூட்டினால் 11,150 சொச்சம். அதிகப்படி 550 கிலோமீட்டர்தான், முக்கால் மணி நேரப் பறப்புகூட இல்லை. எங்காவது வான்வெளி மூடிவிட்டால் எந்த வழியும் சுற்று வழிதான். அதனால் தூரக் கணக்கை விடுங்கள். தரையில் கழியும் நேரம்தான் பேச்சு.

விலையில் தோஹா வழி பெரும்பாலும் மலிவு; படிக்கப் போகும் பிள்ளைக்கு அது போதும். ஆனால் பேரப்பிள்ளையைப் பார்க்கக் கிளம்பும் எழுபது வயது அப்பா அம்மாவுக்கு நேரடி விமானம்தான். காரணம் வீல்சேர்.

தோஹாவில் 90 நிமிட இடைவெளி என்று டிக்கெட்டில் போட்டிருக்கும். அடுத்த விமானத்தின் கேட்டைப் புறப்பாட்டுக்குச் சுமார் 20 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள், மிஞ்சுவது 70. தரையிறங்கிய விமானம் ஊர்ந்து வந்து கதவு திறக்கக் கால் மணி. வீல்சேர் கேட்டவர்களை எல்லாரும் இறங்கிய பிறகுதான் இறக்குவார்கள். அதற்கு இன்னொரு அரை மணி. மீதி 25 நிமிடத்தில் மறுபடி பாதுகாப்புச் சோதனை, பிறகு கேட்டுக்கு நடை. விமானத்தில் கொடுத்த தண்ணீர்ப் போத்தல்கூடச் சோதனையோடு போய்விடும். முதல் விமானம் அரை மணி தாமதமானால் கதை முடிந்தது. ஆகவே தோஹா வழிதான் என்றால் இரண்டரை, மூன்று மணி நேர இடைவெளி பார்த்து எடுங்கள். இரண்டு கட்டமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும்: பெட்டி நேரே ஹீத்ரோ போகும், விமானத்தைத் தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் இடம் தருவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கினால் இரண்டாவது டிக்கெட் பணம் போனது போனதுதான்.

நேரடி விமானத்துக்குப் போகும்போது 14 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்றினால் சற்றுக் கூடலாம், திரும்பும்போது சுமார் ஒரு மணி குறையும். இரவு 11 மணிக்குக் கிளம்பினால் லண்டனில் குளிர்காலத்தில் காலை 5, கோடையில் 6. தோஹா வழியில் பறப்பதே பதினான்கே முக்கால் மணி வரை. காத்திருப்பும் சேர்ந்தால் பதினேழு, பதினெட்டு. அதைவிடத் தூக்கம் நடுவில் உடைவதுதான் வயதானவர்களை வாட்டும்.

இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் இஸ்தான்புல்லையும் பாருங்கள். முதல் கட்டம் பதினொரு மணி நேரத்தை ஒட்டி வரும், இரண்டாவது நான்கு. ஒரு முழுத் தூக்கம் கிடைக்கும். அங்கே வீல்சேர் உதவி எப்படி என்பதை மட்டும் போய் வந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வழியானாலும் வீல்சேரைப் பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பே பதிந்துவிடுங்கள். ‘படி ஏற முடியுமா?’ என்று கேட்பார்கள். வீட்டில் ஏறுவதை வைத்து ‘முடியும்’ என்று சொல்லிவிடாதீர்கள்; விமானம் நிலையக் கட்டடத்தோடு இணைக்கும் பாலத்தில் நிற்காமல், உங்களைப் பேருந்தில் கொண்டுபோனால் அந்தச் செங்குத்துப் படியில் கைப்பையோடு ஏற வேண்டியிருக்கும்.