சிரட்டைக்கரியா, கட்டிக்கரியா, வில்லையா: மாரிகாலச் சீசாவுக்கு எது கட்டுப்படியாகும்?

தோஹாவில் எட்டு வருடம் நின்றுவிட்டு வந்த மச்சான், சூட்கேசைத் திறந்து முதலில் எடுத்தது சொக்லேட் இல்லை. துவாயில் சுற்றிய ஒரு சீசா, தண்ணீருக்குள்ளால் புகையை இழுக்கும் ஹூக்கா. பித்தளைத் தண்டு, நீலக் கண்ணாடிக் குடுவை, பாம்பு மாதிரி ஒரு குழாய். பெரியம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்துவிட்டு, "உது என்ன, கோயிலுக்கு நேர்ந்த விளக்கோ?" என்று கேட்டார். சுருட்டுப் பத்தும் ஊரில் பிறந்து வளர்ந்தவர். புகை பிடிக்க இவ்வளவு தளபாடம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் வீடு முல்லைத்தீவில் முள்ளியவளைப் பக்கம். மச்சான் வந்தது கார்த்திகை கடைசியில், மாரி கொட்டிக்கொண்டிருந்த நேரம். முற்றத்தில் இருக்க வழியில்லை, எல்லாமே வீட்டுக்குள்தான். சீசாவின் தலையில் புகையிலையை வைத்து, தாளால் மூடி, அதன்மேல் கரித்தணல் வைத்துத்தான் பிடிக்கவேண்டும். அவன் கொண்டுவந்த கரி ஒரே பெட்டி. அது முடிந்தால் என்ன செய்வது என்ற கேள்வி நாலாம் நாளே வந்துவிட்டது. "மச்சான், தேங்காய்க்குள்ள இருந்துகொண்டு கரிக்கு அலையிறமே" என்றான். நியாயமான கேள்விதான். அந்த மாரி முழுக்க நாலு வகைக் கரியை மாறி மாறி வைத்துப் பார்த்தோம். அந்தக் கணக்குத்தான் இது.

முதலில் ஒரு சின்ன விசயம். சீசாவுக்கு நர்கிலே என்றும் ஒரு பெயர் உண்டு. பாரசீகத்தில் நார்கில் என்றால் தேங்காய். நம் பக்கத்து நாளிகேரம் என்ற சொல்லின் உறவு அது. பழைய காலத்தில் அடியில் தண்ணீர் வைக்கும் பாத்திரமே தேங்காய்ச் சிரட்டையாக இருந்ததால் வந்த பெயர். பெரியம்மாவுக்கு இதைச் சொன்னேன். "அப்ப அங்க போன தேங்காய்தான் கண்ணாடியாய் வந்திருக்கு" என்றார்.

சரி, கரிக்கு வருவோம்.

மச்சானின் பெட்டியில் இருந்தவை கட்டிக்கரி. சிரட்டைக்கரியைத் தூளாக்கி, மரவள்ளி மாவைப் பசையாகச் சேர்த்து, அச்சில் அழுத்திக் காயவைத்த சதுரக் கட்டிகள். ஒரு கட்டி 25 மில்லிமீற்றர், கிலோவுக்கு 72 கட்டி. இந்தக் கட்டிகளில் பெரும்பங்கு இந்தோனேசியாவில் செய்யப்படுகிறது. கையில் எடுத்தால் கல் மாதிரிக் கனம், விரலில் கரி அவ்வளவாக ஒட்டாது. மின்சாரச் சுருள் அடுப்பில் வைத்தால் எல்லாப் பக்கமும் சிவக்க பத்துப் பன்னிரண்டு நிமிடம் எடுக்கும். ஒருமுறை சிவந்துவிட்டால் ஒரு மணித்தியாலம் அசையாது. நீறு வெள்ளையாக, கட்டியின் வடிவத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். குறட்டால் ஒரு தட்டுத் தட்டினால் ஒரே துண்டாக விழும். வாசமே இல்லை. இதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, இரண்டைத் தவிர. ஒன்று, கரண்ட் நின்றால் பற்றவைப்பது பெரும்பாடு. காஸ் அடுப்பில் நேரே வைத்தால் நீறு கொட்டிப் பேர்னரின் துளையை அடைத்துவிடும். விறகடுப்புத் தணலில் புதைத்தால் சிவக்கும், ஆனால் விறகுப் புகையின் வாசத்தையும் கூட்டிக்கொண்டு வரும். மற்றது, முல்லைத்தீவில் எந்தக் கடையிலும் எங்களுக்கு இது அகப்படவில்லை. வெளியிலிருந்து வருவிக்க வேண்டும். அதற்குள் பெட்டி மழையில் நனையாமல் வரவேண்டும்.

இரண்டாவது, வில்லை. சாமான் கடையில் சாம்பிராணி போட என்று விற்கிறார்களே, கடதாசியில் உருளையாகச் சுற்றி, உருளைக்குப் பத்து வில்லை. பொதுவாக 33 அல்லது 40 மில்லிமீற்றர் அகலம். நெருப்புக்குச்சியைக் காட்டினால் சர்ர் என்று பொறி ஓடி ஒரு நிமிடத்தில் பற்றிவிடும். அப்படிப் பற்றுவதற்காக அதில் வெடியுப்பு மாதிரியான உப்பைக் கலந்திருப்பார்கள். அந்த ஓட்டம் அடங்கும்வரை வரும் வெள்ளைப் புகை இருக்கிறதே, தீபாவளிக்கு அடுத்த நாள் காலை ஒழுங்கைக்குள் நிற்கும் மணம் அப்படியே. அதை வாயால் இழுப்பதற்கு ஒருவன் காசு கொடுக்கிறான் என்றால் அவனை என்ன சொல்வது? மச்சான் முதல் இழுப்பிலேயே குழாயைக் கீழே வைத்துவிட்டான். புகை முழுக்க அடங்கி வில்லை சாம்பல் நிறமாகும்வரை வெளியே வைத்திருந்துவிட்டுப் பிறகு வைத்தால் கொஞ்சம் பரவாயில்லை. அப்போதும் அரை மணித்தியாலம், கூடிப்போனால் நாற்பது நிமிடம். பிறகு இன்னொன்று.

மூன்றாவது, விறகுக்கரி. இதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. வன்னிக் காட்டு மரம் வைரமானது, கரியும் நல்ல சூடு தரும், இறைச்சி சுட அருமை. ஆனால் ஒரு துண்டு போல இன்னொன்று இராது. ஈரம் இருந்தால் படார் என்று வெடித்துப் பொறி பறக்கும். எங்கள் வீட்டுப் புதுப் பாயில் இப்போது சுண்டுவிரல் நுழையும் ஓட்டை ஒன்று இருக்கிறது. அதோடு அந்த மரம் எங்கே வெட்டியது என்று கேட்டால் விற்பவர் வானத்தைப் பார்ப்பார். காட்டுமரம் வெட்டி அனுமதியில்லாமல் கரி சுடுவது சட்டப்படி குற்றம். வீட்டுக்குள் சீசாவுக்கு இது வேண்டாம், அவ்வளவுதான்.

நாலாவது, எங்கள் சொந்தச் சிரட்டைக்கரி. இதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன், அதனால் அதிகம் எழுதுகிறேன்.

சிரட்டை இல்லாத வீடு இந்தப் பக்கம் இல்லை. கோயில் அன்னதானம் முடிந்த மறுநாள் மடப்பள்ளிக்குப் பின்னால் போனால் உரப்பை கணக்கில் அள்ளலாம். சுடுவதற்கு ஒரு பழைய எண்ணெய்ப் பீப்பா போதும். அடியில் பொச்சை, அதாவது தேங்காய் மட்டையைப் போட்டுப் பற்றவைத்து, சிரட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நெருப்பு மேலே வர வர அடுத்த கடகத்தைக் கொட்டவேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் அடியில் சாம்பலும் மேலே பச்சைச் சிரட்டையும்தான் மிஞ்சும். தொடக்கத்தில் புகை தடித்த வெள்ளையாக, கண்ணைக் கரிக்கிறமாதிரி வரும். அது மெலிந்து நீலம் தட்டும் நேரம்தான் மூடுகிற நேரம். தகரத்தைப் போட்டு, விளிம்பைச் சுற்றிச் சேற்றைக் குழைத்துப் பூசி, காற்றே போகாமல் அடைத்துவிட்டு அடுத்த நாள்வரை திரும்பிப் பார்க்கக்கூடாது. நான் முதல் தடவை பொறுக்காமல் இரவே திறந்தேன். காற்றுப் பட்டதும் உள்ளே இருந்த தணல் மூசிக்கொண்டு எழும்பியது. மூன்று உரப்பைச் சிரட்டை கண்ணுக்கு முன்னால் சாம்பலானது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. விளக்குமாற்றை மட்டும் கொண்டுவந்து கையில் தந்தார்.

இரண்டாம் தடவை சரிவந்தது. நல்ல கரியை எப்படி அறிவது என்றால், இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் ஓட்டுத்துண்டு தட்டினது போலக் கிணுங்கென்று கேட்கும். உடைத்தால் உடைந்த இடம் பளபளக்கும். எங்காவது மண்ணிறம் தெரிந்தால் அது அரைவேக்காடு, குசினிக்கு அனுப்பிவிடுங்கள். அரைவேக்காட்டுக் கரி பற்றும்போது மஞ்சள் புகையும் புளிச்ச மணமும் வரும். பழவாசப் புகையிலைக்கு மேலே அதை வைத்தால் ஆப்பிளும் புதினாவும் தார் றோட்டு மணக்கும்.

நன்றாக வெந்த சிரட்டைக்கரி ஐந்து நிமிடத்தில் சிவந்துவிடும். பொச்சு நெருப்பே போதும், கரண்ட் வேண்டாம். குறை எங்கே என்றால் அதன் உடம்பில். சிரட்டை மெல்லியது, வளைந்தது. கால்மணித்தியாலம் நல்ல சூடு, பிறகு இறங்கத் தொடங்கும். ஒரு மணித்தியாலத்தில் மூன்று தடவை புதுத் தணல் வைக்கவேண்டியிருந்தது. துண்டுகள் புகையிலையை மூடிய அலுமினியத் தாளில் சமமாக இராமல் ஒருபக்கம் கருகும், மறுபக்கம் பச்சையாக இருக்கும். மச்சானிடம் தாளுக்குப் பதிலாக வைக்கும் துளைபோட்ட உலோக மூடி ஒன்று இருந்தது. அதற்குள் துண்டுகளைச் சின்னதாக உடைத்துப் போட்டபோது இந்தத் தொல்லை முக்கால்வாசி போய்விட்டது.

நாங்களே கட்டி அடித்தால் என்ன என்று மரவள்ளி மாவைக் காய்ச்சி, உரலில் இடித்த கரித்தூளோடு பிசைந்து, ஐஸ் கட்டி வார்க்கும் தட்டில் அழுத்தியும் பார்த்தோம். மாரியில் எங்கே காயும்? மேலே வெடித்து, உள்ளே ஈரமாக, நெருப்பில் வைத்ததும் நாலாகப் பிளந்தது. பங்குனி வெயிலில் இன்னொருமுறை பார்க்கலாம்.

இனிக் காசு. கடை விலை மாதத்துக்கு ஒன்று என்பதால் ரூபாயை எழுதிப் பயனில்லை. ஒரு இருப்புக்கு, அதாவது ஒருதடவை இருந்து பிடித்து முடிக்க, எவ்வளவு என்று பாருங்கள். கட்டிக்கரி ஒரு இருப்புக்கு மூன்று, அதாவது கிலோப் பெட்டி 24 இருப்புக்கு வரும். பெட்டி விலையை 24 ஆல் பிரித்தால் உங்கள் கணக்கு. வில்லை ஒரு இருப்புக்கு இரண்டு, பல நாளில் மூன்று. பத்து வில்லை நாலு இருப்போடு முடிந்துவிடும். கடையில் வாங்கும்போது உருளைதான் மலிவாகத் தெரியும், பெட்டிதான் கையைச் சுடும். ஆனால் ஆறு உருளை வாங்கினால்தான் ஒரு பெட்டிக்குச் சமம். அந்த ஆறையும் பெட்டியையும் பக்கத்தில் வைத்து விலை கேளுங்கள்.

சிரட்டைக்கரிக்கு வேறு கணக்கு. மூன்று கிலோவுக்கு மேல் சிரட்டை சுட்டால்தான் ஒரு கிலோ கரி. தேங்காய்க் கணக்கில் கிலோவுக்கு இருபதுக்குக் குறையாது. ஒரு இருப்புக்கு எங்களுக்கு நூறு கிராம் அளவில் போனது, அதாவது இரண்டு தேங்காயின் சிரட்டை. நாளுக்கு ஒரு தேங்காய் துருவும் வீட்டில் இரண்டு நாளைக்கு ஒரு இருப்புத் தேறும். சும்மாதானே என்று நினைக்கவேண்டாம். 2024 கடைசியில் தேங்காய் 200 ரூபாயைத் தாண்டிய பிறகு வீடுகளில் தேங்காய் உடைப்பதே எண்ணித்தான். காஸ் விற்கும் விலையில் அந்தச் சிரட்டைதான் காலைத் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுகிறது. "உன்ர மச்சான் ஊதித் தள்ளுறது என்ர அடுப்பை" என்று அம்மா சொன்னதில் பிழையில்லை. தென்னிலங்கையில் சிரட்டைக்கரிக்கு இன்னும் பெரிய போட்டிக்காரர் இருக்கிறார்கள். 1973 இல் தொடங்கிய ஹேகார்ப் மாதிரியான கம்பனிகள் அதைக் கிளர்வூட்டிய கரியாக்கி உலகம் முழுக்க அனுப்புகின்றன. தண்ணீர் வடிக்கவும் பொன்னைப் பிரித்தெடுக்கவும் போகிற சாமானை நாங்கள் ஊதிக்கொண்டிருக்கிறோம்.

வீட்டுக்குள் என்ற சொல்லுக்கு இப்போது வருகிறேன். இதில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மார்கழியில் ஒரு இரவு, காற்றோடு மழை. யன்னல் எல்லாம் சாத்திவிட்டு நடு அறையில் மூன்று பேர் இருந்தோம். கட்டிக்கரிதான், மிகச் சுத்தமானது. மூலையில் தட்டில் அடுத்த சுற்றுக்கு இன்னும் மூன்று கட்டி சிவந்துகொண்டிருந்தது. மேலே காற்றாடி ஓடியது. புகை மணமும் இல்லை, கண்ணெரிவும் இல்லை. ஒன்றரை மணித்தியாலம் போயிருக்கும். என் நெற்றிப்பொட்டு இரண்டும் தெறிக்கத் தொடங்கியது. எங்களோடு இருந்த தம்பி எழும்பப் போனவன் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு கிணற்றடிவரை போய்ச் சத்தி எடுத்தான். புகையிலை கடுமை என்று நினைத்தோம். அது புகையிலை இல்லை, கரி.

எந்தக் கரி எரிந்தாலும் காபன் மொனொக்சைட் வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் பிடிக்கவேண்டிய இடத்தை அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலையிடி, தலைச்சுற்று, சத்தி என்று தொடங்கி, கூடினால் ஆள் மயங்கிச் சாகவும் இடமுண்டு. சீசாவின் தண்ணீர் புகையைக் குளிர்த்துமே தவிர இந்த வாயுவைப் பிடிக்காது. சீசாப் புகையில் இருக்கும் காபன் மொனொக்சைட்டில் பெரும்பங்கு கரியிலிருந்து வருவதுதான். மூடிய அறையில் காற்றாடி அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றித் தரும்.

இதில் எனக்கு உறைத்தது வேறொன்று. வில்லையும் அரைவேக்காட்டுக் கரியும் நாறிப்போய் எங்களை வெளியே துரத்தின. சுத்தமான கட்டிக்கரிதான் ஒன்றரை மணித்தியாலம் அறைக்குள் இருத்திவைத்தது. பெட்டியில் புகையற்றது என்று போட்டிருப்பது மூக்குக்குச் சொல்வது, நெஞ்சுக்கு இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கரி கதவுக்கு உள்ளே வருவதில்லை. பற்றவைப்பது பின் தாழ்வாரத்தில், பிடிப்பது இரண்டு பக்கமும் திறந்த முன் விறாந்தையில், சாரலுக்கு ஒரு பக்கம் மட்டும் தறப்பாள். அக்காவின் கைக்குழந்தை படுக்கும் அறைக்கு விறாந்தையிலிருந்து யன்னல் இருப்பதால் குழந்தை வந்து நிற்கும் நாட்களில் சீசா அலுமாரிக்குள்.

விறாந்தை என்று முடிவானதும் கரியின் கணக்கும் மாறிவிட்டது. அறைக்குள் என்றால் கால்மணித்தியாலத்துக்கொரு தடவை எழும்பித் தணல் மாற்றுவது தலையிடி. விறாந்தையில் பக்கத்திலேயே தணல்சட்டி, யாரோ ஒருவர் கதைத்துக்கொண்டே குறட்டால் இரண்டு துண்டை எடுத்துப் போடுகிறார். என்னைக் கேட்டால் அன்றாடத்துக்குச் சொந்தச் சிரட்டைக்கரி, அதுவும் அம்மாவின் அடுப்புக்குப் போக மிஞ்சியதில். நாலு பேர் வந்து நீண்டநேரம் இருக்கிற நாளுக்குக் கட்டிக்கரி. மச்சான் இதை ஒத்துக்கொள்ளவில்லை. கட்டிதான் கரி, மற்றதெல்லாம் விறகு என்பது அவன் கட்சி. அவன் வாங்கட்டும்.

எது வாங்கினாலும் மாரியில் ஈரம் படாமல் வைக்கவேண்டும். கரி காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், பிறகு வெடிக்கும். நாங்கள் பழைய பிஸ்கற் ரின்னில் போட்டு இறுக மூடி, குசினிப் பரணில், அடுப்பின் சூடு படும் இடத்தில் வைத்திருக்கிறோம். வாங்கின வில்லையில் மிஞ்சிய ஒன்றரை உருளையும் அந்த ரின்னில்தான் கிடந்தது. போன வெள்ளிக்கிழமை பார்த்தேன், காணவில்லை. பெரியம்மா சாம்பிராணிச் சட்டியோடு முற்றத்தில் நின்று, புகை அடங்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.