மடிக்கணினியில் கோர்கள் குறைந்து தெரிந்தால்: கண்டறியும் கருவிகள் பற்றிய ஒரு மதிப்பீடு

நான்கு கோர் (செயலிக்குள் தனித்தனியே வேலை செய்யும் அலகு) கொண்ட செயலி இருப்பதாக நம்பி வாங்கிய மடிக்கணினி ஒரே ஒரு கோரை மட்டும் காட்டினால், செயலி பழுதாகிவிட்டது என்றோ விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றோ எண்ணத் தோன்றும். அந்த முடிவுக்கு வருமுன், இயங்குதளத்தோடு இலவசமாகவே கிடைக்கும் சில கருவிகளைக் கொண்டு காரணத்தைத் தேடிப் பார்க்கலாம். ஆனால் அவை எல்லாம் ஒரே தரத்தில் இல்லை. சில தெளிவாகப் பேசுகின்றன. ஒன்று, நோயைத் தீர்க்கும் மருந்தாகவும் நோயை உண்டாக்கும் காரணமாகவும் ஒருங்கே இருக்கிறது.

விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் முதல் பார்வைக்குப் போதுமானது. அதன் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியூவைத் தேர்ந்தெடுத்தால், வரைபடத்துக்குக் கீழே கோர்களின் எண்ணிக்கையும் லாஜிக்கல் பிராசஸர்களின் எண்ணிக்கையும், அதாவது ஒரே நேரத்தில் இயங்கக்கூடிய த்ரெட் எனப்படும் வேலை ஓட்டங்களின் எண்ணிக்கையும், தனித்தனியே தெரியும். மொத்தப் பயன்பாட்டைக் காட்டும் ஒற்றை வரைபடத்தை மட்டும் பார்த்துவிட்டு, ஒரு கோர்தான் வேலை செய்கிறது என்று பதறுபவர்கள் உண்டு. வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து லாஜிக்கல் பிராசஸர் வாரியாக மாற்றினால் அந்த ஐயம் தீர்ந்துவிடும். இக்கருவியின் குறை, எத்தனை கோர்கள் இருக்க வேண்டும் என்பதை அது சொல்லாததுதான். இன்டெல் கோர் ஐ5-1235யூ செயலியில் 10 கோர்கள் இருந்தாலும் த்ரெட்டுகள் 12 மட்டுமே, ஏனெனில் அதன் 2 செயல்திறன் கோர்களுக்குத்தான் ஹைப்பர் த்ரெடிங் (ஒரே கோர் இரண்டு த்ரெட்டுகளை இயக்கும் வசதி) உண்டு, மற்ற 8 சிக்கனக் கோர்களுக்கு இல்லை. எனவே கோர்களை இரண்டால் பெருக்கிப் பார்த்துக் குறை காண்பதற்கு முன், செயலியின் முழு மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

நான் மிகக் குறைந்த மதிப்பெண் தருவது, விண்டோஸ் தொடங்கும் விதத்தை மாற்ற உதவும் எம்எஸ்கான்ஃபிக் (msconfig) என்னும் கருவிக்குத்தான். அதன் பூட் பகுதியில், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்பதற்குள், நம்பர் ஆஃப் பிராசஸர்ஸ் என்றொரு தேர்வுப் பெட்டி இருக்கிறது. குறைந்த செயலிகளில் மென்பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்று சோதிப்பவர்களுக்காக வைக்கப்பட்ட உச்சவரம்பு அது. அதைத் தொடாமல் விட்டால் விண்டோஸ் இருக்கும் கோர்கள் அனைத்தையும் தானாகவே பயன்படுத்திக்கொள்ளும். அப்படியிருக்க, அதில் டிக் செய்தால் கணினி வேகமாகத் தொடங்கும் என்ற அறிவுரை பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நம்பி டிக் செய்து, எண்ணைக் கவனிக்காமல் 1 என்றே விட்டுவிட்டு ஓகே கொடுப்பவரின் கணினி, அடுத்த முறை ஒரே கோருடன் எழுந்து தள்ளாடும். இது வரம்பு விதிக்கும் பெட்டி என்று சொல்ல அருகில் ஒரு வரி விளக்கம்கூட இல்லாததை வடிவமைப்புக் குறையாகவே கருதுகிறேன். பக்கத்திலிருக்கும் மேக்ஸிமம் மெமரி பெட்டியும் நினைவகத்துக்கு இதே வேலையைத்தான் செய்கிறது. தீர்வு எளிது: டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட்டவுன் செய்து திறப்பது முழுமையான தொடக்கம் ஆகாது என்பதால் ரீஸ்டார்ட்டே சரி.

எனது முதல் பரிந்துரை, யூஎஸ்பியில் ஏற்றிய லைவ் லினக்ஸும் அதிலுள்ள எல்எஸ்சிபியூ (lscpu) கட்டளையும்தான். எதையும் நிறுவாமல் உபுண்டுவை யூஎஸ்பியிலிருந்தே இயக்கி, டெர்மினலில் அந்தக் கட்டளையைக் கொடுத்தால், ஒரு சாக்கெட்டுக்கு (செயலி பொருந்தும் இடத்துக்கு) எத்தனை கோர்கள், ஒரு கோருக்கு எத்தனை த்ரெட்டுகள், ஆன்லைனில், அதாவது இயங்கும் நிலையில், இருப்பவை எவை என்று வரிவரியாக வந்து நிற்கும். நான்கு கோர், எட்டு த்ரெட் கொண்ட செயலி நலமாக இருந்தால் ஆன்லைன் பட்டியலில் 0-7 என்று இருக்கும். முடக்கப்பட்டவை இருந்தால் ஆஃப்லைன் பட்டியல் தனியே தோன்றும். இங்கே எல்லாம் சரியாகத் தெரிந்து விண்டோஸில் மட்டும் குறைந்தால், கோளாறு விண்டோஸின் அமைப்பில் இருக்கிறது. இரண்டிலும் ஒரே மாதிரி குறைந்தால் பயாஸையோ (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருள்) வன்பொருளையோ சந்தேகிக்க வேண்டும், ஏனெனில் எந்த இயங்குதளமானாலும் கோர்களின் பட்டியலை ஃபர்ம்வேர், அதாவது பயாஸ், தரும் ஏசிபிஐ (வன்பொருள் விவரங்களை இயங்குதளத்துக்குச் சொல்லும் ஏற்பாடு) அட்டவணையிலிருந்துதான் படிக்கிறது. அதனால்தான், லினக்ஸ் தொடங்க மறுத்தபோது யாரோ சொன்னார்கள் என்று பூட் வரியில் ஏசிபிஐயை அணைத்துவிட்டு அப்படியே மறந்துவிடுபவர்களுக்கும் கோர்கள் காணாமல் போகின்றன.

பயாஸைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கோர்களை இயக்கும் அமைப்பு அதில் ஆக்டிவ் பிராசஸர் கோர்ஸ், மல்டி கோர் சப்போர்ட் எனப் பெயர் மாறும். பல மடிக்கணினிகளில் அந்த அமைப்பே இருக்காது. இருந்தால் எல்லாக் கோர்களையும் இயக்கும்படி வைத்து, தேவையானால் சார்ஜரைச் செருகிக்கொண்டு பயாஸைப் புதுப்பிக்கலாம். வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கும் கணினி அதன்பின் ரெக்கவரி கீயைக் கேட்கக்கூடும் என்பதால், அதை முதலிலேயே குறித்து வைத்துக்கொள்ளாமல் இதில் இறங்கக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் லைவ் லினக்ஸில் கோர்கள் குறைவாகவே தெரிந்தால் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோவதே வழி. அப்போது எல்எஸ்சிபியூ திரையைப் படமெடுத்துக் காட்டுங்கள். விண்டோஸை மறுபடி நிறுவிப் பார்க்கலாம் என்று சொல்பவரிடம், கோளாறு விண்டோஸுக்கு வெளியே இருக்கிறது என்று நிரூபிக்க அந்தப் படமே போதும்.