180 ரூபாய் ரிஸ்ட் ஸ்ட்ராப்: வாங்கலாம், ஆனால் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு

பழைய கம்ப்யூட்டருக்கு ரேம் மாற்ற வேண்டியிருந்தது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கும்போது ஆன்டி-ஸ்டேட்டிக் ரிஸ்ட் ஸ்ட்ராப்பும் கேட்டேன், அதாவது உடம்பில் சேரும் ஸ்டேட்டிக் மின்னூட்டம் சிப்பில் பாயாமல் வயர் வழியாக இறங்க மணிக்கட்டில் கட்டும் பட்டை. கடைக்காரர் சிரித்துக்கொண்டே "சென்னை வேர்வைக்கு இதெல்லாம் எதுக்கு சார்?" என்றார்.

பாதி சரிதான். காற்றில் ஈரம் இருந்தால் உடம்பில் சேரும் ஸ்டேட்டிக் தானாகக் கசிந்துவிடும், டெல்லிக் குளிரில் ஸ்வெட்டரைக் கழற்றும்போது கேட்கிற படபட சத்தம் நமக்கு இங்கே கேட்காததற்கு அதுதான் காரணம். ஆனால் நான் வேலை செய்வது நாள் முழுக்க ஏசி ஓடும் அறையில், பிளாஸ்டிக் நாற்காலியில். ஏசி ஈரத்தை எடுத்துவிடுமே. கையில் சுரீர் என்று தெரிவதற்கே கிட்டத்தட்ட 3000 வோல்ட் வேண்டும், சில சிப்புகளுக்கு 100 வோல்ட்டே அதிகம். நமக்கு ஒன்றுமே தெரியாமல் சிப் அடிபட்டிருக்கும். அப்போதே செத்தாலாவது புரியும், அரைகுறையாக அடிபட்டு நாலு மாதம் கழித்துப் போனால் ரேம் கம்பெனியைத்தான் திட்டுவோம்.

சரி, ஆன்லைனில் மூன்று ஸ்ட்ராப் வாங்கினேன்.

முதலாவதில் வயரே கிடையாது. 'வயர்லெஸ்' என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். சேர்ந்த மின்னூட்டம் இறங்குவதற்கு ஒரு வழி வேண்டாமா? சுத்த ஏமாற்று. இரண்டாவதில் வயரும் கிளிப்பும் இருந்தன, பார்க்கவும் அழகு. ஆனால் கையில் படும் தகட்டிலிருந்து கிளிப் வரை மல்டிமீட்டரில் மின்தடையை அளந்தால் பூஜ்யம் ஓம்! உள்ளே இருக்க வேண்டிய 1 மெகா ஓம் ரெசிஸ்டரே இல்லை. அது இருந்தால்தான் தப்பித்தவறி கிளிப்பில் 230 வோல்ட் ஏறினாலும் நம் வழியாகப் போவது 0.23 மில்லிஆம்பியரோடு நிற்கும். அது இல்லாத ஸ்ட்ராப்பைக் கட்டுவது கையை நாமே கரண்டில் கட்டிவைப்பது மாதிரி. அன்றைக்கே குப்பையில் போட்டேன்.

மூன்றாவதுதான் 180 ரூபாய். மீட்டரில் 1.02 மெகா ஓம் காட்டியது. எலாஸ்டிக் பட்டை, உள்பக்கம் ஸ்டீல் தகடு, பிரஸ் பட்டனில் மாட்டும் சுருள் வயர். ஒரு மாதமாக இதைத்தான் பயன்படுத்துகிறேன். குறை என்றால் கிளிப்பின் ஸ்பிரிங் கொஞ்சம் தளர்வு, வயரும் குட்டை, கீழே விழுந்த ஸ்க்ரூவை எடுக்கக் குனிந்தால் கழன்றுவிடுகிறது. பட்டையை இறுக்கிக் கட்ட வேண்டும், சட்டைக் கை மேல் கட்டினால் பிரயோஜனமில்லை.

கிளிப்பை எங்கே மாட்டுவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கேபினெட்டின் பெயின்ட் மேல் மாட்டினால் ஒன்றும் நடக்காது, பெயின்ட் இல்லாத இரும்பிலோ எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) ஸ்க்ரூவிலோ மாட்டுங்கள். நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் வேலை செய்வேன், கையும் கேபினெட்டும் ஒரே வோல்ட்டில் இருந்தால் உள்ளே வேலை பார்க்க அது போதும். எர்த் இணைப்பு இருக்கட்டும் என்று பிளக்கைப் பிடுங்காமல் சுவிட்சை மட்டும் அணைக்கலாம் என்பவர்கள் உண்டு, கணக்குப்படி சரிதான், ஆனால் எலக்ட்ரீஷியன் சுவிட்சை நியூட்ரலில் கொடுத்துவைத்த வீடுகளை நானே பார்த்திருக்கிறேன், அங்கே சுவிட்சை அணைத்தாலும் உள்ளே கரண்ட் இருக்கும். இன்னொன்று, கம்ப்யூட்டர் ஓடும்போது கேபினெட்டைத் தொட்டால் விர்ரென்று கை கூசுகிறதா? பெரும்பாலும் அந்த பிளக் பாயின்டில் எர்த் இல்லை. ஸ்ட்ராப் வாங்குமுன் அதைச் சரிசெய்யுங்கள்.

அந்தக் கடைக்காரர் ரேமை அட்டையிலிருந்து உருவி, தங்க நிறப் பற்களில் விரல் பட எடுத்து, செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தார், அப்புறம் நான்தான் ஆன்டி-ஸ்டேட்டிக் கவர், அதுவும் வெள்ளி நிறக் கவர் கேட்டு வாங்கினேன். ரோஸ் நிறக் கவர் தானாக ஸ்டேட்டிக் உண்டாக்காது, அவ்வளவுதான், வெளியிலிருந்து வருவதைத் தடுப்பது வெள்ளிக் கவர்தான். ஆனால் அந்தக் கவர் மேலேயே மதர்போர்டை வைத்து ஆன் செய்யாதீர்கள், அது கரண்டைக் கடத்தக்கூடும்.

வயர் இல்லாத ஸ்ட்ராப்பை அக்கா பையன் வாட்ச் என்று கட்டிக்கொண்டு போய்விட்டான்.