'128 வி.எஃப்' இம்பாக்ட் ரெஞ்ச்: பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள்

சென்னை பிராட்வே பக்கம் பவர் டூல்ஸ் வாங்கப் போகிறவர்கள், முக்கியமாக பேட்டரியில் ஓடும் இம்பாக்ட் ரெஞ்ச் (நட்டு, போல்ட்டை அடித்து அடித்துத் திருகும் மெஷின்) தேடுகிறவர்கள், பணத்தை எடுக்கும் முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். 128 வோல்ட் என்று படிக்கிற மாதிரி '128 வி.எஃப்' என்றும், டார்க்குக்கு, அதாவது திருகும் விசைக்கு, '1000 நியூட்டன் மீட்டர்' என்றும் பெட்டியில் போட்டு ஒரு மெஷினை என் தலையில் கட்டிவிட்டார்கள். 5,800 ரூபாய். கடையின் பெயரை எழுதவில்லை. எழுதியும் பெரிய பிரயோஜனம் இல்லை, அதே பெட்டி பக்கத்துக் கடைகளிலும் அடுக்கிவைத்திருக்கிறது. பேர் பெற்ற ஒரு கம்பெனியின் நிறத்தை அப்படியே அடித்து, பெயர் மட்டும் யாரும் கேள்விப்படாத பெயர்.

எனக்குத் தொழில் ஷெட் போடுவது. அம்பத்தூர், திருமுடிவாக்கம் பக்கம் கம்பெனிகளுக்குக் கூரை தாங்கும் இரும்புச் சட்டம் (டிரஸ்) நிறுத்தி ஷீட் அடிக்கிற வேலை. எம்12, எம்16 (12, 16 மில்லிமீட்டர்) போல்ட்டுகளை நாள் முழுக்க மேலே நின்றுகொண்டு ஸ்பேனரில் திருகினால் தோள்பட்டை போய்விடும். காற்றழுத்தத்தில் திருகும் ஏர் கன் இருக்கிறதே என்பீர்கள். கம்ப்ரசரையும் ஓஸையும் எந்த உயரத்துக்கு இழுத்துக்கொண்டு போவது? அப்புறம், வீட்டில் ஒரு பழைய ஆம்னி வேன் நிற்கிறது. வீல் கழற்றுவது, பிரேக் ஷூ மாற்றுவது எல்லாம் வாசலிலேயே நானே பார்த்துக்கொள்வேன். இரண்டுக்கும் சேர்த்து அரை இஞ்ச் டிரைவில் (சாக்கெட் மாட்டும் முனையின் அளவு) ஒரு மெஷின் போதும் என்றுதான் போனேன்.

கடையில் காட்டும் டெமோவைப் பற்றி முதலில் சொல்லவேண்டும், ஏனென்றால் பாதிப்பேர் விழுவது அங்கேதான். கவுண்டரில் ஒரு வைஸ், அதில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு போல்ட். கடைப் பையன் மெஷினை வைத்து நட்டை சர்ரென்று ஏற்றினான், ரிவர்ஸ் போட்டு சர்ரென்று இறக்கினான். 'லாரி வீலே கழட்டும் சார்' என்றான். அந்த நட்டை இறுக்கியதும் அதே மெஷின், கழற்றியதும் அதே மெஷின். எவ்வளவு இறுகியது என்று யாருக்குத் தெரியும்? எண்ணெய் பூசிய புது மரையில் ஐம்பது நியூட்டன் மீட்டர் மெஷின்கூட இந்த வித்தையைக் காட்டும். லாரி வீல் நட்டை 500-க்கு மேல் வைத்து இறுக்குவார்கள், அது வேற உலகம்.

வண்டவாளம் வேனில் தெரிந்தது. ஜாக்கி வைக்கும் முன், வண்டி தரையில் நிற்கும்போதே 19 சாக்கெட்டை மாட்டி டிரிகரை இழுத்தேன். டடடடவென்று அடித்தது, சத்தத்துக்கு ஒரு குறையும் இல்லை. நட்டு நகரவில்லை. விட்டு விட்டு அடித்துப் பார்த்தும் அப்படியே நின்றது. அடுத்த நட்டு, அதற்கடுத்தது, எதுவும் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் முன்னால் இருக்கிற லைட் மங்கி மெஷினே நின்றுவிட்டது. பேட்டரியைக் கழற்றினால் கையில் பிடிக்க முடியாத சூடு, பிளாஸ்டிக் காய்கிற வாடை. வேனோடு வந்த வீல் ஸ்பேனரைப் போட்டு நுனியில் ஒரு மிதி மிதித்தேன், டக்கென்று விட்டது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 70 கிலோ ஆள் ஒருவர், 30 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் முழு எடையோடு ஏறி நின்றால் வருவது சுமார் 200 நியூட்டன் மீட்டர். கார் வீல் நட்டை முறையாக இறுக்கினால் 100 வாக்கில்தான் இருக்கும். துரு, பஞ்சர் கடை ஏர் கன்னின் கைங்கரியம் எல்லாம் சேர்ந்து அதற்கு மேல் போகும், சரி. ஆனாலும் என் ஒரு மிதிக்கு விட்டுக்கொடுத்த நட்டு 200-ஐத் தாண்டியிருக்க வழியில்லை. அதை அசைக்க முடியாத மெஷினில் 1000 என்று அச்சடித்திருக்கிறார்கள்.

அடுத்தது வோல்ட். பேட்டரியை முழுதாக சார்ஜ் ஏற்றி மல்ட்டிமீட்டரை வைத்தேன். 20.7 வோல்ட். எங்கே போனது 128?

இந்த வகை பேட்டரிக்குள் இருப்பது பெரும்பாலும் 18650 எனப்படும் லித்தியம் செல். ஒன்று சராசரியாக 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2. ஐந்தை வரிசையாகக் கோர்த்தால் 18 வோல்ட், முழு சார்ஜில் 21. அதனால் 18 வோல்ட், '20 வோல்ட் மேக்ஸ்', 21 வோல்ட் என்று கடையில் பார்ப்பதெல்லாம் ஒரே சரக்குதான், எழுதுகிற விதம்தான் வேற. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் 48, 88, 128 என்று அதே அளவு பேட்டரியில் போட்டிருந்தால் அது சுத்த டுபாக்கூர். உண்மையிலேயே 128 வோல்ட் வேண்டுமென்றால் முழு சார்ஜ் கணக்கிலேயே 31 செல் கோர்க்க வேண்டும். செல்லின் எடை மட்டும் ஒன்றரைக் கிலோவை நெருங்கிவிடும். அதைக் கையில் தூக்கிப் பிடித்து ஷெட் உச்சியில் யார் வேலை செய்வது?

பேட்டரி எவ்வளவு கரண்ட் பிடிக்கும் என்று சொல்லும் ஆம்பியர் ஹவரிலும் இதே கதை. லேபிளில் 15000 எம்.ஏ.ஹெச்., அதாவது 15 ஆம்பியர் ஹவர் என்றிருந்தது. பேட்டரியை எடுத்துக்கொண்டு தெருமுனை மளிகைக் கடைக்குப் போய் எலக்ட்ரானிக் தராசில் வைத்தேன். அண்ணாச்சி ஏற இறங்கப் பார்த்தார். 390 கிராம். ஒரு செல் 45 கிராமுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஐந்து செல் போட்டு, கூடு, போர்டு, தகடு எல்லாம் சேர்த்தால் இந்த எடைதான் வரும். நல்ல கம்பெனியின் 18 வோல்ட், 5 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் பத்து செல் இருக்கும், எடை 600 கிராமைத் தாண்டும். என்னுடைய பேட்டரிக் கூடு பத்து செல் பேட்டரி அளவுக்குப் பெரிசு. பாதி காலி. ஐந்து செல்லை வரிசையாகக் கோர்த்தால் ஆம்பியர் ஹவர் கூடாது, ஒரு செல்லுக்கு என்னவோ அதுதான் மொத்தத்துக்கும். இந்த மாதிரி செல்லில் ஒன்றரை, இரண்டு என்று போகும், ரொம்ப நல்ல செல்லாக இருந்தால் மூன்று. பதினைந்துக்கு வழியே இல்லை. பார்க்க ஆசையாக இருந்தாலும் பேட்டரியைப் பிரிக்காதீர்கள், லித்தியம் ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். தராசும் மல்ட்டிமீட்டரும் போதும், அவ்வளவும் தெரிந்துவிடும்.

திரும்பக் கடைக்குப் போனேன். நேற்றுவரை 'வாங்க சார்' என்றவர் முகத்தைப் பார்க்கவில்லை. மீட்டர் ரீடிங்கை போனில் காட்டினேன்.

'128 வோல்ட்டுன்னு எங்க சார் போட்டிருக்கு? வி.எஃப்.னுதான போட்டிருக்கு? அது மாடல் நம்பர்.'

இந்த பதிலைத் தயாராகவே வைத்திருக்கிறார்கள். அந்த 'எஃப்' எழுத்தை ஒட்டியிருப்பதே இதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சரி, 1000 நியூட்டன் மீட்டர்? 'அது சைனாக்காரன் போடறது, நாங்க என்ன பண்ண முடியும்?' வேண்டுமானால் இதே பெட்டியில் வேற பீஸ் தருகிறேன், பணம் கிடையாது என்றார். பில் என்று கொடுத்தது 'எஸ்டிமேட்' என்று தலைப்பு போட்ட துண்டுச் சீட்டு. ஜி.எஸ்.டி. நம்பர் இல்லை, கடை சீல் இல்லை, கீழே மட்டும் 'விற்ற பொருள் திரும்பப் பெறமாட்டாது'. யுபிஐயில் அனுப்பிய பணமும் கடை பெயரில் போகவில்லை, யாரோ ஒரு தனி ஆள் பெயரில் போயிருக்கிறது. ஸ்கேன் செய்யும்போது திரையில் வரும் பெயரைப் பாருங்கள். கடை பெயர் வராவிட்டால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

பெட்டியிலும் பார்க்க ஒன்று இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்து பெட்டியில் விற்கிற பொருளில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எம்.ஆர்.பி., புகார் சொல்ல நம்பர் எல்லாம் இருக்கவேண்டும் என்பது 2011-ல் வந்த பேக்கேஜ் பொருள் விதி. என் பெட்டியில் 'மேட் இன் பி.ஆர்.சி.' (சீனாவில் செய்தது) தவிர எதுவும் இல்லை. சர்வீஸுக்கு யாரிடம் போவது?

எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: டார்க் எண்ணில் இரண்டு வகை உண்டு. இறுக்கும் டார்க் ஒன்று, இறுகிய நட்டைக் கழற்றும் டார்க் ஒன்று. இரண்டாவது எப்போதும் பெரிசாக இருக்கும், விளம்பரத்தில் அதைத்தான் போடுவார்கள். ஒழுங்கான கம்பெனி இரண்டையும் தனித்தனியாகச் சொல்லும். உதாரணத்துக்கு மகிட்டா டி.டி.டபிள்யூ.300-க்கு இறுக்க 330, கழற்ற 580 என்று கொடுத்திருக்கிறார்கள். காருக்கும் எம்16 போல்ட்டுக்கும் இந்த ரேஞ்சே தாராளம். பெரிய வண்டி வேலை இருந்தால்தான் டி.டி.டபிள்யூ.700 மாதிரி போகவேண்டும், அது 700-ம் 1000-மும். அந்த 1000-க்குக் கொடுக்கும் விலையைப் பார்த்தாலே 5,800-க்கு அது வராது என்று புரிந்துவிடும். மெஷின் வாங்கப் போகும்போது உங்கள் வீல் நட்டு, ஒரு பழைய போல்ட் ஏதாவது கொண்டுபோய், நீட்டுக் கைப்பிடி போட்டு நீங்களே இறுக்கி, அதைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடை. அதே தெருக்களில் பில் போட்டு, வாரண்டி கார்டில் சீல் வைத்துத் தருகிற கடைகளும் இருக்கின்றன.

இலவசமாகத் தரும் பளபள சாக்கெட்டை இம்பாக்டில் போடாதீர்கள். கையால் திருகுகிற குரோம் சாக்கெட் அடி தாங்காமல் தெறிக்கும், முகத்துக்கு நேராக. அடி தாங்கும் குரோம் மாலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) இம்பாக்ட் சாக்கெட் தனியாக வாங்குங்கள், கறுப்பாக இருக்கும். கறுப்பு பெயின்ட் அடித்த சாதா சாக்கெட்டும் வருகிறது, என்ன செய்ய. வீல் நட்டைத் திரும்பப் போடும்போது மெஷினை நம்பாமல் கையால் ஏற்றி, டார்க்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சில் முடியுங்கள்.

என் விஷயத்துக்கு வருகிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் சட்டம் செல்லாது என்று கடைக்காரர் ஒரு கதை விட்டார். தன் பிழைப்புக்காகச் சுயதொழிலில் தானே பயன்படுத்த வாங்கியது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்கும். பில் தராததும், பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்ப வாங்க மறுப்பதும் அதே சட்டப்படி முறையற்ற வணிகம். துண்டுச் சீட்டில் வேற நாள் கணக்கு போட்டிருந்தால்தான் அந்த 30 மாறும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. இதையெல்லாம் சொன்ன பிறகு அவரே போன் செய்தார், 'பேட்டரியை மாத்தித் தர்றேன் சார், கேஸ் கீஸுன்னு போகாதீங்க' என்று. மாற்றித் தருவதும் அதே 390 கிராம் பேட்டரியாகத்தான் இருக்கும். பணம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.